வனுவாட்டில் பிரதமர் ஏன் நிலைப்பதில்லை, அப்படியும் அரசு எப்படி ஓடுகிறது?

கேட்டவர் எழுதியிருந்தது சுருக்கமாக இதுதான்: வனுவாட்டு என்று ஒரு குட்டித் தீவு நாடு, மொத்தமே மூன்று லட்சம் பேர், 2023-ல் ஒரே வருடத்தில் மூன்று பிரதமர்கள். இவ்வளவு சின்ன நாட்டைக்கூட ஒழுங்காக ஆள முடியாதா, இது ஊழலா, இல்லை ஜனநாயகமே அவர்களுக்கு ஒத்துவரவில்லையா, பேசாமல் ஆஸ்திரேலியாவோடு சேர்ந்துவிட்டால் என்ன? கேள்விகள் நாலைந்து மாதிரி தெரிந்தாலும் உள்ளே இருப்பது இரண்டுதான். ஆட்சி ஏன் கவிழ்ந்துகொண்டே இருக்கிறது, கவிழும்போது நாட்டை யார் நடத்துகிறார்கள். ஆஸ்திரேலியா விஷயத்தைக் கடைசியில் பார்க்கலாம்.

நான் அரசுகளின் வரவு செலவு, கொள்முதல், தணிக்கை சம்பந்தமான வேலையில் பசிபிக் தீவுகளில் பல வருடம் இருந்தவன், அதில் கணிசமான காலம் தலைநகர் போர்ட் விலாவில். அதனால் கோப்பு, கையெழுத்து, காசோலை பக்கம் நடப்பதை உறுதியாகச் சொல்வேன். கட்சிக்காரர்கள் ராத்திரியில் உட்கார்ந்து பேசுவதைப் பற்றி நான் சொல்வதெல்லாம் வெளியே நின்று பார்த்தவனின் அபிப்பிராயம். இரண்டையும் ஒரே எடையில் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

முதலில், பலரும் கவனிக்காமல் தாண்டிப்போகும் ஒரு கணக்கு. வனுவாட்டு நாடாளுமன்றத்தில் 52 பேர். ஆட்சிக்கு 27 பேர் வேண்டும். பிரதமரையும் சேர்த்து அமைச்சர்கள் எண்ணிக்கை மொத்த உறுப்பினர்களில் கால் பங்கைத் தாண்டக்கூடாது என்கிறது அரசமைப்புச் சட்டம். ஆக, 13 நாற்காலி. ஆளும் பக்கத்து 27 பேரில் 13 பேர் அமைச்சர், ஒருவர் சபாநாயகர், மிச்சம் இருப்பவர்களுக்கு நாடாளுமன்றச் செயலாளர், ஏதாவது ஒரு வாரியம் என்று எதையாவது கொடுத்துச் சமாளிக்க வேண்டும். எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருக்கும் 25 பேருக்குத் தேவை இரண்டே இரண்டு ஆள். அவர்களை இழுக்க இவர்களிடம் என்ன இருக்கிறது? அதே 13 நாற்காலி, இன்னும் யாருக்கும் தரப்படாமல் முழுசாக. பிரதமர் தன்னிடம் இருந்ததை எல்லாம் பதவியேற்ற அன்றே கொடுத்துத் தீர்த்துவிட்டார். எதிர்க்கட்சித் தலைவர் இன்னும் ஒன்றையும் கொடுக்கவில்லை. ஏலம் என்று வந்தால் யார் கை ஓங்கும்? ஆட்கள் நல்லவர்களா கெட்டவர்களா என்பதெல்லாம் இதற்கு அப்புறம் வரும் கேள்வி. உத்தமர்கள் 52 பேரைக் கொண்டுபோய் உட்கார வைத்தாலும் இந்தக் கணக்கு உதைக்கத்தான் செய்யும்.

நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவருவதும் சுலபம். ஆறில் ஒரு பங்கு, அதாவது 9 பேர் கையெழுத்துப் போட்டு, ஒரு வார அவகாசம் கொடுத்தால் வாக்கெடுப்பு. ஒரு முறை தோற்றால் இத்தனை மாதம் மறுபடி கொண்டுவரக்கூடாது என்ற தடை ஏதும் இதில் கிடையாது. பக்கத்தில் பாப்புவா நியூ கினியில் புதிய பிரதமருக்கு முதல் 18 மாதம் பாதுகாப்பு உண்டு; இங்கே பதவியேற்ற அடுத்த வாரமே கணக்குப் போட ஆரம்பித்துவிடலாம்.

சரி, இரண்டு பெரிய கட்சிகள் இருந்தால் இந்தக் கணக்கு இவ்வளவு ஆட்டம் காட்டாதே என்று கேட்பீர்கள். நியாயம்தான். கட்சிகள் ஏன் இப்படித் துண்டு துண்டாக இருக்கின்றன என்றால் பிரிட்டிஷ்காரர்களும் பிரெஞ்சுக்காரர்களும் சேர்ந்து செய்த கூத்துக்குப் போக வேண்டும். 1906 முதல் 1980 வரை இந்தத் தீவுகளை, அப்போது பெயர் நியூ ஹெப்ரைட்ஸ், இரண்டு வல்லரசுகளும் கூட்டாக ஆண்டன. இரண்டு போலீஸ், இரண்டு சிறை, இரண்டு வகைப் பள்ளிக்கூடம், இரண்டு பக்கச் சட்டமும் போதாதென்று நடுவில் ஒரு கூட்டு நீதிமன்றம். அந்த நீதிமன்றத்தின் முதல் தலைவரை ஸ்பெயின் மன்னர் நியமித்தார். அவருக்குக் காது மந்தம் என்பதை இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள். சிரிப்பு அடங்கிய பிறகு மிஞ்சியது, ஆங்கிலப் பள்ளியில் படித்தவர்களின் கட்சி ஒன்று, பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர்களின் கட்சி ஒன்று. 1980 ஜூலை 30 சுதந்திரம். வால்டர் லினி என்ற ஆங்கிலிக்கன் பாதிரியார் முதல் பிரதமர், ஆங்கிலம் படித்தவர்கள் பக்கம். பிரெஞ்சு பக்கத்துச் சிறுபான்மைக்குப் பயம். அந்தப் பயத்தைத் தணிக்கத்தான் பலதரப்பட்ட அரசியல் குழுக்களுக்கும் நியாயமான இடம் கிடைக்கும்படி விகிதாசாரத்தின் சாயல் ஒன்று தேர்தல் முறையில் இருக்க வேண்டும் என்று அரசமைப்புச் சட்டத்திலேயே எழுதி வைத்தார்கள்.

அதை நிறைவேற்ற அவர்கள் எடுத்த வழி இது: பெரிய தீவு என்றால் ஒரே தொகுதியில் பல இடங்கள், ஆனால் வாக்காளருக்கு ஒரே ஓட்டு. தன்னா தீவுக்கு 7 இடம். முதல் ஏழு பேர் வென்றவர்கள், அவ்வளவுதான். எட்டில் ஒரு பங்குக்கு மேல், அதாவது 12.5 சதவீதத்துக்கு மேல், ஒரே ஒரு ஓட்டு கூடுதலாக வாங்கியவர் தோற்கவே முடியாது. வேட்பாளர்கள் நிறைய என்றால் அதிலும் பாதிக்கே ஜெயித்துவிடலாம். அப்படியானால் ஒரு வேட்பாளர் தீவு முழுக்க எதற்கு ஓட வேண்டும்? சொந்த ஊர், மனைவியின் ஊர், தன் தேவாலயச் சபையைச் சேர்ந்தவர்கள், இது போதும். கட்சிக்கும் சிக்கல்: ஒரு தொகுதியில் மூன்று பேரை நிறுத்தினால் மூன்று பேரும் ஒருவர் ஓட்டை ஒருவர் தின்பார்கள். கட்சியின் பெயர் ஒரு சௌகரியத்துக்குத்தான், ஓட்டு ஆளுக்கு. 1991-ல் லினியின் கட்சி உடைந்ததிலிருந்து இன்றுவரை எல்லாமே கூட்டணி ஆட்சிதான். 2022 தேர்தலில் முதலிடம் பிடித்த கட்சிகளுக்கே 7 இடங்கள்தான். 2025-ல் அதிகம் வென்ற கட்சிக்கு 9.

பிரெஞ்சு பக்கத்தை வெளியே தள்ளாமல் இருக்கச் செய்த ஏற்பாடு அது, அந்த வேலையை அது செய்தும் விட்டது. இன்றைக்கு அந்த மொழிப் பிளவு அரசியலில் பழைய அளவுக்கு இல்லை என்பது என் எண்ணம். ஆனால் வாங்கிய விலை இன்னும் கொடுத்து முடியவில்லை.

வாக்காளர் பக்கத்தையும் பார்க்க வேண்டும். வெளி மாகாணத்தில் ஒரு கிராமத்தில் இருப்பவருக்கு அரசாங்கம் என்றால் வருடத்தில் எத்தனை நாள் கண்ணில் படும்? ஒரு ஆரம்பப் பள்ளி, ஒரு மருந்தகம், சில நேரம் அதில் ஒரு செவிலியர். இதற்கு மேல் வேண்டியதெல்லாம், பள்ளிக் கட்டணம், படகுக்கு எஞ்சின், சூரிய ஒளி விளக்கு, தேவாலயக் கூரைக்குத் தகரம், சாவு வீட்டுச் செலவு, எல்லாம் எம்.பி.யிடம் போகிறது. எம்.பி. எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்தால் கையில் ஒன்றும் இல்லை. ஆளும் பக்கம் தாவினால் ஊரில் யாரும் துரோகி என்று திட்டுவதில்லை, "பரவாயில்லை, நமக்கு ஏதோ வரும்" என்றுதான் பார்க்கிறார்கள். இதை முதிர்ச்சியின்மை என்று சொல்லிவிட்டுப் போவது சோம்பேறித்தனம். அரசு வராத இடத்தில் ஆளைப் பிடித்து வேலை வாங்குவது கெட்டிக்காரத்தனம்தான். ஒவ்வொருவரும் இப்படிக் கெட்டிக்காரராக இருப்பதன் கூட்டுத்தொகைதான் போர்ட் விலாவில் நாம் பார்க்கும் நாற்காலி ஆட்டம்.

நீங்கள் குறிப்பிட்ட 2023 கதை இதற்கு அச்சான உதாரணம். 2022 அக்டோபர் தேர்தலுக்குப் பிறகு இஷ்மாயில் கல்சாகாவ் பிரதமர். 2023 ஆகஸ்டில் அவருக்கு எதிராக 26 ஓட்டு. 52-ல் 26 என்பது பாதிதான், 27 வேண்டும் என்றார் சபாநாயகர். ஓர் இடம் காலியாக இருந்தது, ஆகவே 51-ல் 26 பெரும்பான்மைதான் என்றது எதிர்ப்பக்கம். வழக்கு உச்ச நீதிமன்றம் போய், அங்கிருந்து அதற்கும் மேலே உள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் போய், செப்டம்பர் 4 அன்று எதிர்ப்பக்கத்தின் வாதமே சரி என்று முடிந்தது. அன்றே சாட்டோ கில்மான் பிரதமர். அக்டோபர் 6 அன்று அவரும் போனார், சார்லட் சல்வாய் வந்தார். ஒரு மாதம் மட்டுமே நாற்காலியில் இருந்தவரின் அலுவலகத்துக்குப் புது லெட்டர்பேட் அச்சடித்தார்களா என்று நண்பர்களுக்குள் கேலி பேசிக்கொண்டோம். ஆனால் இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: ஒரு ஓட்டுக்காக அவ்வளவு சண்டை, தெருவில் ஒரு கல் கூட விழவில்லை. நீதிமன்றம் சொன்னது, தோற்றவர் இறங்கினார். இந்த வட்டாரத்தில் ஃபிஜியில் 1987, 2000, 2006 என்று ஆட்சிக் கவிழ்ப்புகள் நடந்ததையும், சாலமன் தீவுகளில் கலவரம் வெடித்ததையும் பார்த்தவர்களுக்கு இது சாதாரணமாகத் தோன்றாது.

ஊழலா என்று கேட்டீர்கள். இருக்கிறது, அதை மழுப்ப மாட்டேன். இதில் பெரிய நிகழ்வு 2015. அதற்கு முந்தைய வருடம் எதிர்ப்பக்கத்தில் இருந்த மோவானா கார்கஸ்ஸஸ் ஆட்சியைக் கவிழ்க்கும் நோக்கத்தோடு சக எம்.பி.க்களுக்குத் தலைக்குப் பத்து லட்சம் வாட்டு (உள்நாட்டு நாணயம்) "கடன்" என்ற பெயரில் கொடுத்தார். வழக்கை விசாரித்தது காம்பியா நாட்டிலிருந்து வந்த நீதிபதி மேரி சே. 2015 அக்டோபர் 9 அன்று 14 எம்.பி.க்கள் குற்றவாளிகள் என்று தீர்ப்பு. அதில் ஒருவர் சபாநாயகர் மார்சலீனோ பிபிட்டே. குடியரசுத் தலைவர் பால்ட்வின் லான்ஸ்டேல் அந்த நேரம் வெளிநாட்டில். அவர் இல்லாதபோது பொறுப்பு சபாநாயகருக்கு. மறுநாள் பிபிட்டே பொறுப்புக் குடியரசுத் தலைவராகத் தனக்கும் மற்ற 13 பேருக்கும் தானே மன்னிப்பு வழங்கிக்கொண்டார்! வேலிக்கு ஓணான் சாட்சி என்பார்களே, இங்கே வேலியும் ஓணானும் ஒரே ஆள். லான்ஸ்டேல் திரும்பி வந்தார், அந்த மன்னிப்பை ரத்து செய்தார், 14 பேரும் சிறைக்குப் போனார்கள். நாடாளுமன்றம் கலைக்கப்பட்டு 2016 ஜனவரியில் தேர்தல். அதற்கடுத்து வந்த சல்வாய் ஆட்சி நான்கு வருடம் முழுசாக ஓடியது. சிறைப் பயம்தான் காரணம் என்று பலர் சொல்வார்கள். எனக்கும் அப்படித்தான் படுகிறது, ஆனால் நிரூபிக்க முடிந்த விஷயம் இல்லை.

வெளிநாட்டு நீதிபதி என்பதைச் சும்மா குறிப்பிடவில்லை. மூன்று லட்சம் பேர் உள்ள நாட்டில், அதிலும் படித்து அரசு வேலைக்கு வந்தவர்கள் வட்டத்தில், எல்லோரும் எல்லோருக்கும் சொந்தம். கணக்கைத் தணிக்கை செய்பவரும் செய்யப்படுபவரும் ஒரே தேவாலயத்தில் பக்கத்துப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஃபிஜி போன்ற நாடுகளிலிருந்து நீதிபதிகள் வந்து போவது அடிமைத்தனம் மாதிரி வெளியே தெரியலாம். உள்ளே இருப்பவர்களுக்கு அது நிம்மதி. தீர்ப்புச் சொன்னவர் நாளைக்கு மாமன் மகன் கல்யாணத்தில் எதிரே உட்கார மாட்டார்.

எல்லா நேரமும் இப்படி நல்லபடியாக முடிந்ததில்லை. 1990-களில் மேரி-நோயல் பேட்டர்சன் என்பவர் முதல் ஒம்பட்ஸ்மன், அதாவது மக்கள் குறைகேட்பு அதிகாரி. அமைச்சர்களின் முறைகேடுகளைப் பெயர் போட்டு அறிக்கை அறிக்கையாக வெளியிட்டார். வருங்கால வைப்பு நிதியிலிருந்து அரசியல்வாதிகளுக்குச் சலுகையாக வீட்டுக் கடன் போயிருக்கிறது என்று அவர் சொன்னதும், 1998 ஜனவரியில் சந்தாதாரர்கள் தங்கள் காசைக் கேட்டு அலுவலகத்தை முற்றுகையிட்டார்கள். கலவரமாகி நெருக்கடி நிலை அறிவிக்க வேண்டி வந்தது. அதே காலத்தில் நாடாளுமன்றம் என்ன செய்தது தெரியுமா? முறைகேடு செய்தவர்களை விட்டுவிட்டு அவர் அதிகாரத்துக்கு அடிப்படையான சட்டத்தையே நீக்க வாக்களித்தது. பின்னால் அந்தப் பதவிக்குப் புதுச் சட்டம் வந்தது, பழைய பல் இல்லை.

அமைச்சர் பதவி ஏன் இவ்வளவு விலைபோகிறது என்பதற்கு ஒரு உதாரணம், நிலத்துறை. வனுவாட்டில் நிலம் முழுக்க மரபுவழி உரிமையாளர்களுக்கே என்பது அரசமைப்புச் சட்டத்தில் இருக்கிறது. வெளியார் 75 வருடம் வரை குத்தகைக்குத்தான் எடுக்கலாம். ஆனால் உரிமையாளர் யார் என்பதில் தகராறு இருந்தால் அமைச்சரே அவர்கள் சார்பில் குத்தகைக்குக் கையெழுத்துப் போடலாம் என்று இருந்தது. தகராறைக் கிளப்பிவிடுவதா கஷ்டம்? கிராமப்புறக் குத்தகைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று அமைச்சர் கையெழுத்தில் போனது. தலைநகர் இருக்கும் எஃபாத்தே தீவின் கடற்கரையில் பாதிக்கு மேல் குத்தகைக்குப் போய்விட்டது. 2013, 2014-ல் ரால்ஃப் ரெகன்வானு நிலத்துறை அமைச்சராக இருந்தபோது அந்த அதிகாரத்தை வெட்டி, உரிமை முடிவை ஊர்ச் சபைகளுக்குத் திருப்பிவிட்டார். ஓர் அமைச்சர் தன் பேனாவையே பிடுங்கிக்கொண்டது அபூர்வம். பதவிகளின் விலையைக் குறைப்பது, தாவுபவர்களைத் தண்டிப்பதைவிட நிலையான மருந்து என்று நான் நினைப்பதற்கு இதுதான் காரணம்.

இப்போது இரண்டாவது கேள்வி: ஆட்சி கவிழும்போது யார் நடத்துகிறார்கள்? அமைச்சகத்துக்கு ஒரு தலைமை இயக்குநர் உண்டு, 1997-ல் ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனோடு தொடங்கிய சீர்திருத்தத்தில் உருவான ஏற்பாடு. நியமனம் அரசுப் பணியாளர் ஆணையத்தின் கையில், அமைச்சர் கையில் இல்லை. கவிழ்ந்த மறுநாள் காலை ஓர் அமைச்சகத்துக்குப் போனால் மாடியில் பழைய அரசியல் ஆலோசகர்கள் அட்டைப்பெட்டியில் பொருள்களை எடுத்து வைத்துக்கொண்டிருப்பார்கள், வண்டிச் சாவி எங்கே என்று ஒருவர் தேடிக்கொண்டிருப்பார். கீழ்த்தளத்தில் கணக்குப் பிரிவுப் பெண் வழக்கம்போல எல்.பி.ஓ. அடித்துக்கொண்டிருப்பார், அதாவது கொள்முதல் உத்தரவு. பட்ஜெட்டில் ஏற்கெனவே இருப்பது நகரும். சம்பளம் தவறாது. மருந்து ஆர்டர் போகும். நிற்பது எது என்றால், அமைச்சரவைக்குப் போக வேண்டிய தாள்கள். ஒரு தாள் துறையில் எழுதி, அதிகாரிகள் குழுவில் பேசி, சட்டத்துறையிடம் கருத்து வாங்கி, மேசைக்கு வரும்போது ஆட்சி மாறும். புது அமைச்சர் "இது என்ன, எனக்கு விளக்குங்கள்" என்பார். விளக்கி முடிக்கும்போது அவரும் மாறுவார். இப்படி ஒரு கொள்முதல் விதித் திருத்தம், யாருமே எதிர்க்காத ஒன்று, மேசை மேசையாக அலைந்ததை அருகிலிருந்து பார்த்தேன். ஒருவரும் லஞ்சம் கேட்கவில்லை, ஒருவரும் மறுக்கவில்லை, கையெழுத்துப் போட ஒருவர் நிலையாக உட்காரவில்லை என்பதைத் தவிர குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

நிரந்தர அதிகாரிகள் பற்றி ரொம்ப உயர்த்திச் சொல்லவும் மனமில்லை. அமைச்சர் மாறும்போது தலைமை இயக்குநரை ஏதாவது காரணம் காட்டி இடைநீக்கம் செய்வதும், அவர் வழக்குப் போட்டு வெல்வதும், அரசு இழப்பீடு கட்டுவதும் நடக்கிற கதைதான். அதனால் புத்திசாலி அதிகாரிகள் ஒரு பழக்கத்துக்கு வந்துவிடுகிறார்கள்: எதையும் முடிவு செய்யாமல் இருப்பது. முடிவு எடுத்தால்தானே பழி வரும்.

தூரத் தீவுகளுக்கு இந்த ஆட்டம் தெரிவதே வேறு மாதிரி. நாட்டில் ஆறு மாகாணம், தீவுகளின் பெயர்களிலிருந்து எழுத்து எடுத்து ஒட்டி வைத்த பெயர்கள்: டோர்பா, சன்மா, பெனாமா, மலாம்பா, ஷெஃபா, டாஃபியா. வடக்குக் கோடி டோர்பாவின் தலைமையிடம் வனுவா லாவா தீவில் சோலா. ஒரு பள்ளிக்கு மானியம் அனுமதியாகி, காசு மாகாணத்துக்கு வந்து, சிமெண்டு வாங்கி, கப்பல் கிடைத்து, கடல் ஒத்துழைத்து, கரையிலிருந்து தூக்கிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் மழை ஒரு பங்கைக் கட்டியாக்கியிருக்கும். ஆசிரியர் சம்பளப் பணத்தை எடுக்க வங்கி இருக்கும் ஊருக்குப் போனால் வகுப்புக்குப் பூட்டு. 2024 மே மாதம் அரசுக்குச் சொந்தமான ஏர் வனுவாட்டு கடனில் மூழ்கித் திவால் நடவடிக்கைக்குப் போனபோது உள்நாட்டு விமானங்கள் நின்று, நோயாளிகளிலிருந்து தேர்வுத்தாள் வரை எல்லாமே கப்பலை நம்ப வேண்டி வந்தது. அந்த ஊர்க்காரரிடம் போய்ப் பிரதமர் யார் என்று கேட்டால் "போன வாரம் யாராக இருந்தாலென்ன, கப்பல் எப்போது?" என்பார்.

அங்கே அன்றாட ஒழுங்கைப் பார்த்துக்கொள்வது ஊர்த் தலைவர்களும் தேவாலயங்களும்தான். மல்வத்துமவுரி என்ற தேசியத் தலைவர்கள் பேரவை அரசமைப்புச் சட்டத்தில் இடம்பெற்றது, ஆனால் ஆலோசனை சொல்லத்தான் அதிகாரம். உண்மையான வேலை கீழே நக்காமல்களில், காவா என்ற வேர்ப் பானம் குடிக்கும் அந்தப் பொதுக்கூடங்களில் நடக்கிறது. 2017-ல் அம்பே தீவில் எரிமலை குமுறி ஏறக்குறைய 11,000 பேரை, தீவு மொத்தத்தையும், காலி செய்ய வேண்டி வந்தது. சில நாளில் பக்கத்துத் தீவுகளுக்குக் கப்பலிலும் படகிலும் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். உத்தரவு தலைநகரிலிருந்து வந்தது உண்மை, ஆனால் போன இடத்தில் யார் யார் வீட்டில் தங்குவது, யாருடைய தோட்டத்துக் கிழங்கு என்பதை முடிவு செய்தது பழைய உறவுகளும் சபைகளும். இதை ரொமாண்டிக்காகச் சொல்லவில்லை. அதே நக்காமலில் பெண்கள் பேச்சு எடுபடுவதில்லை என்ற புகார் நியாயமானது. 2008-க்குப் பிறகு 2022-ல்தான் மறுபடி ஒரு பெண், குளோரியா ஜூலியா கிங், நாடாளுமன்றத்துக்குள் போனார்.

தலைநகரில் இருக்கும் அரசு எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது என்பது 2022 நவம்பரில் தெரிந்தது. கல்சாகாவ் பதவியேற்ற அதே நேரம் அரசின் கணினி வலையமைப்பை ஹேக்கர்கள் முடக்கினார்கள், வாரக்கணக்கில். மின்னஞ்சல் இல்லை, வரி கட்டுமிடம் இல்லை, மருத்துவமனைப் பதிவேடு கூடக் கையால். அதிகாரிகள் சொந்த ஜிமெயிலில் வேலை பார்த்தார்கள். 2024 டிசம்பர் 17 அன்று 7.3 அளவு நிலநடுக்கம் போர்ட் விலாவை உலுக்கியபோது நாடாளுமன்றமே இல்லை, ஒரு மாதம் முன்புதான் கலைத்திருந்தார்கள். காபந்து அரசு மீட்பு வேலையும் பார்த்தது, தேர்தலை இரண்டே நாள் தள்ளி ஜனவரி 16 அன்று நடத்தியும் முடித்தது.

இதற்கு நேர்மாறாக, தொடர்ச்சி வேண்டுமென்றால் அவர்களால் முடியும் என்பதற்கும் சான்று இருக்கிறது. பருவநிலை மாற்றத்தில் நாடுகளின் சட்டப்பூர்வக் கடமை என்ன என்று சர்வதேச நீதிமன்றத்திடம் கேட்க வேண்டும் என்று 2019-ல் போர்ட் விலாவில் இருக்கும் தென் பசிபிக் பல்கலைக்கழகத்தின் சட்ட மாணவர்கள் கிளப்பிய யோசனையை அரசு கையில் எடுத்தது. 2023 மார்ச் 29 அன்று ஐ.நா. பொதுச்சபையில் எதிர்ப்பே இல்லாமல் தீர்மானம், 2025 ஜூலை 23 அன்று நீதிமன்றத்தின் கருத்து, அதுவும் பெரும்பாலும் அவர்கள் பக்கமே. இடையில் எத்தனை பிரதமர் மாறினார்கள்! சல்வாய், லாஃப்மன், கல்சாகாவ், கில்மான், மறுபடி சல்வாய், 2025-ல் நாபாட். கொள்கை மாறவில்லை. இதில் யாருக்கும் நாற்காலி லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை, அதனால் யாரும் தொடவில்லை என்று கொஞ்சம் குரூரமாகவே சொல்வேன்.

காசு விஷயம் வேறு. தனிநபர் வருமான வரி கிடையாது. 15 சதவீத மதிப்புக் கூட்டு வரியும் சுங்கமும் முக்கியம், அப்புறம் பாஸ்போர்ட் விற்பனை. சில வருடங்களில் அரசு வருவாயில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டியது குடியுரிமை விற்ற பணம். ஐரோப்பிய ஒன்றியம் 2022-ல் அந்தப் பாஸ்போர்ட்டுகளுக்கு விசா சலுகையை நிறுத்த ஆரம்பித்து 2024 டிசம்பரில் முழுசாக ரத்து செய்துவிட்டது. பதவியில் எத்தனை மாதம் இருப்போம் என்று தெரியாதவர், கேட்டாலே திட்டு விழும் வருமான வரியைக் கொண்டுவருவாரா, நாளைக்கே காசு வரும் பாஸ்போர்ட்டை விற்பாரா?

திருத்த முயற்சி நடந்திருக்கிறது. 2024 மே 29 அன்று சுதந்திரத்துக்குப் பிறகான முதல் பொது வாக்கெடுப்பு. கட்சியை விட்டு விலகும் எம்.பி. இடத்தை இழப்பார், சுயேச்சையாகவோ ஒற்றை ஆள் கட்சியாகவோ வந்தவர் ஏதாவது ஒரு கட்சியில் சேர்ந்தாக வேண்டும் என்ற இரண்டு திருத்தங்களையும் மக்கள் ஏற்றார்கள். அதே வருடம் நவம்பரில் சல்வாய் மேல் நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்து, நாடாளுமன்றம் கலைந்தது. திருத்தம் தோற்றுவிட்டது என்று உடனே சொல்வது அவசரம். ஆனால் ஓட்டை எங்கே என்பது தெளிவு: சட்டம் ஆளைக் கட்சியோடு கட்டுகிறது, கட்சியைக் கூட்டணியோடு கட்டவில்லை. தனி ஆளாகத் தாவியவர்கள் இனி கட்சியாகத் தாவலாம். பாப்புவா நியூ கினியிலும் 2001-ல் இதே வகைச் சட்டம் வந்து 2010-ல் நீதிமன்றம் அதன் முக்கியப் பகுதிகளைத் தூக்கி எறிந்தது. சின்ன நாடு என்றாலே இப்படித்தான் என்று முடிவு கட்டவும் வேண்டாம். சமோவா இன்னும் சிறியது, அங்கே ஒரே கட்சி கிட்டத்தட்ட நாற்பது வருடம் ஆண்டது. ஆனால் அங்கே ஒரே மொழி, இங்கே நூற்றுக்கு மேல். அந்த நாற்பது வருடமும் சுகமாக இருந்தது என்று சமோவாக்காரர்கள் எல்லோரும் ஒப்புக்கொள்ளவும் மாட்டார்கள்.

கடைசியாக ஆஸ்திரேலியா. இதைப் போர்ட் விலாவில் யாரிடமாவது விளையாட்டுக்குக் கேட்டுப் பாருங்கள், எழுந்து போய்விடுவார்கள். 74 வருடம் இரண்டு நாடுகளை வைத்து அனுபவித்தவர்கள், சுதந்திரம் கேட்டதே முதன்மையாக நிலத்துக்காக. ஆஸ்திரேலியாவின் உதவி இல்லாமல் பட்ஜெட் நகராது என்பதும் உண்மை, சீனா சாலையும் கட்டடமும் கட்டித் தருகிறது என்பதும் உண்மை. இரண்டு பக்கத்திலும் வாங்கிக்கொண்டு ஒரு பக்கமும் சாயாமல் இருப்பதுதான் அவர்கள் வெளியுறவுக் கொள்கை, அது அவர்களுக்கு நன்றாகவே வருகிறது. கல்சாகாவ் 2022 டிசம்பரில் ஆஸ்திரேலியாவோடு ஒரு பாதுகாப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். மற்றவர்களைக் கலந்து பேசவில்லை என்பது அவரை இறக்கியவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று, அது நாடாளுமன்ற ஒப்புதல் பெறவே இல்லை. 2025 ஆகஸ்டில் தன்னா தீவில் நக்காமல் ஒப்பந்தம் என்ற பெயரில் பத்து வருடத்துக்கு 50 கோடி ஆஸ்திரேலிய டாலர் மதிப்பில் புதிதாக ஒன்றுக்குச் சுருக்கொப்பம் வைத்தார்கள். அடுத்த மாதம் ஆஸ்திரேலியப் பிரதமரே நேரில் வந்தும் அப்போது கையெழுத்தாகவில்லை. மற்ற நாடுகளிடம் உள்கட்டமைப்புக்குக் காசு வாங்குவதை அது தடுக்குமா என்று நாபாட்டின் கூட்டணிக்குள்ளேயே கேள்வி எழுந்தது. 27 பேரைக் கையில் வைத்துக்கொண்டு இருக்கும் பிரதமர் அந்தக் கேள்வியைத் தாண்டிக் கையெழுத்துப் போட மாட்டார்.